ஆபத்தான நாய் இனங்களுக்குத் தடை: எல்லை மாறினால் சட்டம் என்ன ஆகும்?



“ஆபத்தான நாய் இனங்களைத் தடை செய்ய வேண்டும். இக்கருத்தை விவாதித்து எழுதுக.” இப்படி ஒரு தலைப்பைக் கொடுத்துப் பாருங்க. வருகிற கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். முதல் பத்தியில் நாய் நன்றியுள்ள பிராணி. இரண்டாம் பத்தியில் சில இனங்கள் கொடூரமானவை. மூன்றாவதில் அரசாங்கம் கடுமையான சட்டம் கொண்டுவர வேண்டும். அவ்வளவுதான், கட்டுரை முடிந்தது. மொழி நன்றாக இருக்கும், புள்ளியும் ஓரளவு கிடைக்கும். ஆனால் அப்படிச் சட்டம் கொண்டுவந்த ஊர்களில் பிறகு என்ன நடந்தது என்பதை யாரும் தொடுவதில்லை. அது வரலாற்றுக் கேள்வி. அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேலான பதில்கள் உலகத்தில் இருக்கின்றன. நம் மலாயா மண்ணிலேயே எழுபது ஆண்டுப் பழைய பதில் ஒன்றும் இருக்கிறது.

முதலில் வரைபடத்தை விரியுங்கள். செர்காமிலிருந்து கடலோரச் சாலையில் மெர்லிமாவ், சுங்கை ரம்பை வழியாக மூவார் பக்கம் போனால் கெசாங் ஆற்றுப் பாலம் வரும். பாலத்துக்கு இந்தப் பக்கம் மலாக்கா, ஜாசின் நகராண்மைக் கழகம். அந்தப் பக்கம் ஜொகூர். மாநிலமும் வேறு, ஊராட்சி மன்றமும் வேறு. சின்ன மாநிலமான மலாக்காவுக்குள்ளேயே நான்கு ஊராட்சி மன்றங்கள் உள்ளன: மலாக்கா வரலாற்று மாநகர் மன்றம், ஹங் துவா ஜெயா, அலோர் காஜா, ஜாசின். நாய்க்கு உரிமம் கொடுப்பது இந்த மன்றங்களின் வேலை. 1976ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டத்தின் கீழ் ஒவ்வொன்றும் தனக்கென்று துணைச் சட்டம் எழுதிக்கொள்ளலாம். ஒரு வீட்டில் எத்தனை நாய், எந்த இனம் கூடாது, வேலி எப்படி இருக்க வேண்டும், கட்டணம் எவ்வளவு என்று மன்றத்துக்கு மன்றம் விதி மாற இடம் உண்டு.

இது தற்செயலாக வந்த குழப்பம் இல்லை. கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையைப் புரட்டினால் காரணம் தெரியும். ஊராட்சி மன்றம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. கால்நடை மருத்துவமும் விலங்குத் தனிமைப்படுத்தலும் மத்திக்கும் மாநிலத்துக்கும் பொதுவான பட்டியலில் இருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து நாய் உள்ளே வருவதைத் தடுப்பது கூட்டரசு. உள்ளே வந்த பிறகு, அல்லது உள்ளேயே பிறந்த பிறகு, அந்த நாய் எந்த வீட்டில் இருக்கலாம் என்பதை முடிவு செய்வது ஊர். அரசியலமைப்புப் பாடத்தில் இந்தப் பட்டியல்களை மனப்பாடம் செய்யும் மாணவருக்கு, அதிகாரப் பகிர்வு என்றால் என்ன என்று காட்ட இதைவிட எளிய உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சரி, பட்டியலில் என்ன இருக்கிறது? நம் கால்நடைச் சேவைத் துறை ஏழு வகைகளை இறக்குமதி செய்யக்கூடாது என்று வைத்திருக்கிறது: பிட்புல், அமெரிக்கன் புல்டாக், நியாபொலிட்டன் மாஸ்டிஃப், ஜப்பானியத் தோசா, அகிதா, டோகோ அர்ஜென்டினோ, ஃபிலா பிரேசிலேரோ. ராட்வைலர், டோபர்மேன், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்றவை இரண்டாவது பட்டியலில் உள்ளன. அவற்றுக்கு நிபந்தனை உண்டு, முழுத் தடை இல்லை. இப்போது ஒரே ஒரு ராட்வைலரைக் கையில் பிடித்துக்கொண்டு நாடு நாடாகப் போங்கள். மலேசியாவில் அது கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட நாய். பிரிட்டனில் எந்தத் தடையும் இல்லாத நாய். 2024இல் இந்திய மத்திய அரசு அனுப்பிய பட்டியலில் தடை செய்ய வேண்டிய நாய். அகிதாவைக் கொண்டுபோனால் இங்கே தடை, இங்கிலாந்தில் தாராளம். நாய் மாறவில்லை. அதன் பல்லும் மாறவில்லை. மாறியது எழுதியவர் மேசை மட்டும்.

எல்லைகள் தாண்டியும் மாறாத சட்டம் ஒன்று உண்டு. அது மிகப் பழையது. மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களில் ஒன்றாக இருந்த காலத்தில், 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தை ஏறக்குறைய அப்படியே எடுத்து 1871இல் இங்கே ஒரு தண்டனைச் சட்டம் இயற்றினார்கள். அதன் 289ஆவது பிரிவு இன்றும் நம் தண்டனைச் சட்டத்தில் அதே எண்ணில் இருக்கிறது. தன் பொறுப்பில் உள்ள விலங்கால் மனித உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறியவருக்கு ஆறு மாதம் வரை சிறை என்பது அதன் சாரம். சென்னையிலும் 2024 ஜூன் வரை அதே 289தான். புதிய சட்டத் தொகுப்பு வந்த பிறகு எண் 291 ஆகிவிட்டது. இந்தப் பிரிவில் எந்த நாயின் பெயரும் இல்லை. நாய் என்ற சொல்லே இல்லை, விலங்கு என்றுதான் இருக்கிறது. குற்றம் செய்தவர் மனிதர் என்று அது எடுத்துக்கொள்கிறது. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து நம் சொந்த வரலாறு. இது கடிக்கும் இனங்களைப் பற்றிய கதை இல்லை, வெறிநாய் நோயைப் பற்றியது. இரண்டும் வேறு வேறு பிரச்சினைதான். ஆனாலும் நாய்களைப் பற்றிய ஒரு சட்டம் மாநில எல்லைகளைத் தாண்டி ஒரே சீராக நடந்து, அதன் பலனும் கணக்கில் தெரிந்த சம்பவம் நம் மண்ணில் இது ஒன்றுதான். அதனால் இதை விட்டுவிட்டுப் பேச முடியாது.

மலாயாவில் வெறிநாய் நோய் 1924இல் பதிவாகியிருக்கிறது. ஜப்பானியர் காலம் முடிந்த பிறகு அது பரவியது. 1952இல் கோலாலம்பூரில் பெரிதாக வெடித்தது. அரசாங்கம் அப்போது எந்த இனம் என்று கேட்கவில்லை. எல்லா நாய்க்கும் கட்டாயத் தடுப்பூசி. ஃப்ளூரி என்ற புதிய வகைத் தடுப்பு மருந்து அப்போதுதான் வந்திருந்தது. அதைப் பெரிய அளவில் களத்தில் பயன்படுத்திப் பார்த்த இடங்களில் மலாயாவும் ஒன்று. ஊசி போட்ட நாய்க்கு அடையாளம். அடையாளம் இல்லாமல் திரிந்த நாய் சுடப்பட்டது. இந்த வேலையை வெல்ஸ் என்ற அதிகாரி 1954இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வேட்டில் கட்டுரையாக எழுதினார். மற்ற நாடுகள் அதைப் பாடமாகப் படித்தன.

அடுத்து அவர்கள் செய்ததுதான் நம் கேள்விக்கு மிகவும் முக்கியம். உள்ளே நோய் அடங்கிவிட்டது, ஆனால் தாய்லாந்தில் இருக்கிறது. எல்லையில் வேலி போட்டால் நாய் நிற்குமா? 1955இல் பெர்லிஸ், கெடா, பேராக், கிளந்தான் ஆகிய நான்கு மாநிலங்களின் வழியே, எல்லையை ஒட்டி 50 முதல் 80 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு தடுப்பு வளையம் அமைத்தார்கள். அந்தப் பட்டைக்குள் இருக்கும் நாய் எந்த மாநிலத்து நாயாக இருந்தாலும் ஆண்டுதோறும் ஊசி. மாநில எல்லையைப் பார்க்கவில்லை, நாய் எவ்வளவு தூரம் போகும் என்பதைப் பார்த்தார்கள். இடையில் எல்லைப் பகுதியில் சில சம்பவங்கள் தலைகாட்டினாலும், நோய் நாட்டுக்குள் பெரிதாக வரவில்லை. ஏறத்தாழ அறுபது ஆண்டு அந்த ஏற்பாடு தாங்கியது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 1952 அவசரகாலத்தின் நடுப்பகுதி. மக்கள் புதுக்கிராமங்களுக்குள் அடைக்கப்பட்டிருந்தார்கள். தோட்டங்களில் லயங்களைச் சுற்றி முள்வேலி, ஊரடங்கு, அரிசிக்குக்கூடக் கணக்கு. ஆளையே எண்ணி வைத்திருந்த அரசாங்கத்துக்கு நாயை எண்ணுவது பெரிய விஷயமாக இருந்திருக்காது. அந்த வெற்றியில் இந்தக் கெடுபிடிக்கும் பங்கு இருந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. அதே முறையை இன்று அப்படியே செய்ய முடியாது, செய்யவும் கூடாது. 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் நோய் திரும்பி வந்தபோது, தெருநாய்களைக் கொல்ல பினாங்கு மாநில அரசு எடுத்த முடிவுக்கு எவ்வளவு எதிர்ப்பு வந்தது என்பது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 2017 முதல் சரவாக்கில் நோய் நிலைகொண்டு பலரைப் பலிவாங்கியிருக்கிறது. ஆகவே, ஆசிரியர்களே, பிள்ளையை எந்த நாய் கடித்தாலும், குட்டி நாயாக இருந்தாலும், காயத்தை ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்க. மஞ்சள் அரைத்துப் பூசுவது போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

இனி இனத் தடையின் கதை. பிரிட்டனிலிருந்து தொடங்கலாம். 1991 மே மாதம் பிராட்ஃபோர்டு நகரில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியைப் பிட்புல் கடித்துக் குதறியது. நாடே கொதித்தது. உள்துறை அமைச்சர் கென்னத் பேக்கர் சில வாரங்களில் சட்டத்தைக் கொண்டுவந்தார். ஆபத்தான நாய்கள் சட்டம் ஆகஸ்ட் 12ஆம் தேதியே அமலுக்கு வந்துவிட்டது. பிட்புல், ஜப்பானியத் தோசா, டோகோ அர்ஜென்டினோ, ஃபிலா பிரேசிலேரோ என்று நான்கு பெயர்கள். நம் பட்டியலில் உள்ள ஏழில் நான்கு இவைதான் என்பதைக் கவனித்தீர்களா? சட்டங்கள் ஒன்றையொன்று பார்த்து எழுதும்.

தொல்லை முதல் நாளிலேயே தொடங்கியது. எது பிட்புல்? பிரிட்டனின் நாய் வளர்ப்போர் கழகம் பிட்புல்லை ஓர் இனமாகவே அங்கீகரிக்கவில்லை. அப்போ நீதிமன்றம் எதை வைத்து அளப்பது? 1977இல் ஓர் அமெரிக்கப் பிட்புல் இதழில் வந்த வர்ணனையை அளவுகோலாக எடுத்துக்கொண்டார்கள். தாடை, மார்பு, கால் என்று நாடாவால் அளந்து பார்த்து, பெரும்பாலும் பொருந்தினால் அது பிட்புல். தாய் லாப்ரடாராக இருந்தாலும் குட்டி பிட்புல் மாதிரி வளர்ந்தால் குட்டிக்குத் தண்டனை. முதலில் இருந்த சட்டப்படி அது சாக வேண்டும். 1997இல் திருத்தம் வந்த பிறகுதான் நீதிபதி நினைத்தால் விட்டுவைக்கலாம் என்றானது.

பலன் என்ன? பிரிட்டனின் விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் சட்டத்தின் 25ஆம் ஆண்டில், 2016இல், கணக்குப் பார்த்தது. அதுவரை நாயால் இறந்தவர் 30 பேர். அதில் 21 பேரைக் கொன்றவை பட்டியலில் இல்லாத நாய்கள். இந்தச் சங்கம் இனத் தடைக்கு எதிரானது என்பதையும் சேர்த்தே படியுங்கள். யார் எண்ணினார்கள் என்று பார்ப்பது வரலாற்று மாணவரின் முதல் வேலை. ஆனாலும் அந்த எண்ணைத் தள்ளிவிட முடியாது. பட்டியலில் உள்ள இனம் குறைந்தபோது, பட்டியலில் இல்லாத வேறொரு பெரிய நாய் அந்த இடத்துக்கு வந்தது. அமெரிக்கன் எக்ஸ்எல் புல்லி அப்படி வந்த நாய்தான்.

எல்லைப் பிரச்சினைக்கு அந்த எக்ஸ்எல் புல்லியின் கதையைப் போல வேறு பாடம் கிடையாது. 2023 செப்டம்பரில் இங்கிலாந்து அதைத் தடை செய்வதாக அறிவித்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் டிசம்பர் 31 முதல் விற்கக்கூடாது, 2024 பிப்ரவரி 1 முதல் விலக்குச் சான்று இல்லாமல் வைத்திருக்கவே கூடாது. ஸ்காட்லாந்தில் நாய்ச் சட்டம் அவர்களுடைய கையில். அவர்கள் முதலில் இதைப் பின்பற்றவில்லை. அவர்களிடம் ஏற்கெனவே வேறு வழி இருந்தது. குறிப்பிட்ட நாய் தொந்தரவு கொடுத்தால் அதன் உரிமையாளருக்குக் கட்டுப்பாட்டு உத்தரவு போடும் 2010ஆம் ஆண்டுச் சட்டம் அது. ஆனால் என்ன நடந்தது தெரியுமா? இங்கிலாந்தில் இருந்த நாய்கள் சாலை வழியாக வடக்கே போகத் தொடங்கின. வேண்டாத நாயைக் கைமாற்ற ஒரே தீவில் பக்கத்திலேயே இடம் இருந்தது. 2024 ஜனவரியில் முதலமைச்சர் ஹம்சா யூசுஃப் நாடாளுமன்றத்தில் வந்து, இங்கிலாந்தின் விதியையே நாங்களும் எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்ல வேண்டியதாயிற்று. பிப்ரவரி 23இல் முதல் கட்டம், ஆகஸ்ட் 1இல் இரண்டாம் கட்டம். வட அயர்லாந்து இன்னும் தாமதமாக, அந்த ஆண்டின் கடைசி நாளில்தான் முடித்தது. ஒரே அரசின் கீழுள்ள பகுதிகளில் ஒரே தடை வந்து சேர ஓர் ஆண்டு ஆனது.

அதில் இன்னொரு வேடிக்கை. எக்ஸ்எல் புல்லி எத்தனை இருக்கும் என்று அரசு முதலில் போட்ட மதிப்பீடு சுமார் 10 ஆயிரம். விலக்குச் சான்றுக்குப் பதிந்தவை 50 ஆயிரத்துக்கும் மேல்! நாட்டில் எத்தனை இருக்கிறது என்றே தெரியாத ஒன்றைத் தடை செய்திருக்கிறார்கள். அதன் வரையறையும் உயரத்தைப் பொறுத்தது. ஆண் நாய் 51 சென்டிமீட்டர், பெண் நாய் 48. ஒரு சென்டிமீட்டர் குறைந்தால் அந்த நாய் சட்டத்துக்கு வெளியே.

ஜெர்மனியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2000ஆம் ஆண்டு ஜூன் 26 அன்று ஹம்பர்க் நகரில் ஒரு பள்ளி வளாகத்தில் ஆறு வயதுச் சிறுவன் நாய்கள் கடித்து இறந்தான். அதன் பிறகு மத்திய அரசு சட்டம் போட்டது. 2004 மார்ச்சில் அரசியலமைப்பு நீதிமன்றம் அதைப் பிரித்துப் பார்த்தது. இறக்குமதித் தடை செல்லும். ஆனால் அந்த இனங்களை வளர்த்துப் பெருக்கக்கூடாது என்று மத்திய அரசு சொல்ல அதிகாரம் இல்லை, அது மாநிலங்களின் வேலை என்றது. மாநிலங்களோ ஆளுக்கொரு பக்கம் போயின. பவேரியாவில் இரண்டு அடுக்குப் பட்டியல். கீழ்ச் சாக்சனியில் இனப் பட்டியல் கிடையாது. நாய் வாங்குகிறவர் தேர்வு எழுதித் தகுதி காட்ட வேண்டும். ஹம்பர்க் சம்பவத்தில் நாம் மறக்கக்கூடாத ஒன்று உண்டு. அந்த நாய்க்கு முகக்கவசம் போட வேண்டும், கயிற்றில் பிடிக்க வேண்டும் என்று அதிகாரிகள் முன்பே உத்தரவு போட்டிருந்தார்கள். உத்தரவு இருந்தது. போய்ப் பார்க்க ஆள் இல்லை.

இதுவரை படித்தவர்கள், ஆசிரியர் தடைக்கு எதிரி போலிருக்கிறது என்று நினைக்கலாம். அவசரப்படாதீங்க, எதிர்ச்சான்றும் உண்டு. கனடாவின் மனிடோபா மாகாணத்தில் சில ஊர்கள் பிட்புல்லைத் தடை செய்தன, சில செய்யவில்லை. தலைநகர் வினிப்பெக் 1990இலேயே தடை போட்டது. பிராண்டன் நகரம் போடவில்லை. சட்டம் ஊருக்கு ஊர் மாறியிருந்ததே ஆய்வாளர்களுக்கு ஒரு சோதனைச் சாலை ஆகிவிட்டது. 2013இல் வெளியான ஆய்வின்படி, தடை வந்த ஊர்களில் நாய்க்கடிக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு 3.47 என்ற நிலையிலிருந்து 2.84 ஆகக் குறைந்தார்கள். வினிப்பெக்கைப் பிராண்டனோடு ஒப்பிட்டபோது, 20 வயதுக்கு உட்பட்டவர்களிடம் பலன் கூடுதலாகத் தெரிந்தது. பிள்ளைகள்! ஆசிரியர்களான நாம் இந்த எண்ணை லேசாக ஒதுக்க முடியாது. இதற்கு நேர்மாறாக, டென்மார்க் 2010இல் 13 இனங்களைத் தடை செய்த பிறகு ஓடென்ஸ் நகர மருத்துவமனையில் எடுத்த ஆய்வில் நாய்க்கடி குறைந்ததாகத் தெரியவில்லை. அதே கனடாவில் கல்கரி நகரம் எந்த இனத்தையும் தடை செய்யாமல், உரிமத்தையும் அபராதத்தையும் கறாராக நடத்திப் பெயர் வாங்கியது. இரண்டு பக்கமும் சான்று இருக்கிறது என்று எழுத மாணவர் பயப்பட வேண்டாம். எங்கே, எதை, யார் எண்ணினார்கள் என்று சேர்த்து எழுதினால் போதும்.

இப்போது தமிழ்நாட்டுக்கு வருவோம். மேலே சொன்ன அத்தனை சிக்கலும் இரண்டே மாதத்தில் நடந்த இடம் அது.

டெல்லி உயர்நீதிமன்றம் 2023 டிசம்பரில் மூன்று மாதக் கெடு கொடுத்திருந்தது. 2024 மார்ச் 12 அன்று இந்திய மத்திய அரசின் கால்நடைத் துறை எல்லா மாநிலங்களுக்கும் கடிதம் அனுப்பியது. 23 வகை நாய்களின் இறக்குமதி, வளர்ப்பு, விற்பனைக்கு உரிமம் தராதீர்கள், ஏற்கெனவே வீட்டில் இருப்பவற்றுக்குக் கருத்தடை செய்யுங்கள் என்றது கடிதம். பட்டியலைப் படித்தால் அவசரம் தெரியும். தோசா என்று ஓரிடத்தில் இருக்கும்; ‘ஜப்பானியத் தோசாவும் அகிதாவும்’ என்று இன்னோரிடத்தில் வரும். அதே நாய், இரண்டு முறை. ‘டெரியர்கள்’ என்று பொதுவாக ஒரு சொல்லும் இருந்தது. மடியில் உட்காரும் சின்ன நாய்களிலும் டெரியர் உண்டே!

ஒரே வாரத்தில், மார்ச் 19 அன்று, கர்நாடக உயர்நீதிமன்றம் அந்தக் கடிதத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது, ஆனால் கர்நாடகத்துக்குள் மட்டும். ஓசூரையும் அத்திப்பள்ளியையும் தெரிந்தவர்கள் யோசித்துப் பாருங்கள். நடுவில் மாநில எல்லை. தூரம் பத்து கிலோமீட்டர்கூட வராது. அங்கே நிறுத்திவைக்கப்பட்ட கடிதம் இங்கே உயிரோடு இருந்தது. ஏப்ரல் 10 அன்று கர்நாடக நீதிமன்றம் அதை ரத்தே செய்தது. சம்பந்தப்பட்டவர்களைக் கேட்காமல் எடுத்த முடிவு என்பது முக்கியக் காரணம். ஏப்ரல் 16 அன்று டெல்லி நீதிமன்றமும் ரத்து செய்து, மக்களிடம் கருத்துக் கேட்டுவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டது.

அப்புறம்தான் சென்னை. மே 5ஆம் தேதி நுங்கம்பாக்கத்தில் மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர்கள் கடித்துக் குதறின. அவள் அந்தப் பூங்காவின் காவலாளியின் மகள். 1991 பிராட்ஃபோர்டு, 2000 ஹம்பர்க், 2024 சென்னை: ஒவ்வொரு முறையும் கடிபட்டது ஐந்தாறு வயதுப் பிள்ளை, ஒவ்வொரு முறையும் சில நாளில் பட்டியல். தமிழக அரசு 23 இனங்களுக்கும் தடை என்று அறிவித்தது. அது சாய்ந்து நின்றது டெல்லியில் ரத்தான அதே கடிதத்தின் மேல். சூடு ஆறுவதற்குள் அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். நாயின் உரிமையாளர் மீது வழக்குப் போட எது உதவியது? மலாக்காவுக்கு 1871இல் வந்து சேர்ந்த அதே 289ஆவது பிரிவு.

சிறுமி கடிபட்ட பிறகு சென்னையில் உரிமம் கேட்டு விண்ணப்பங்கள் குவிந்தன. அதாவது அதுவரை பல வீட்டு நாய்கள் எந்தக் கணக்கிலும் இல்லை. 2025 ஆகஸ்ட்டில் ஜாபர்கான்பேட்டையில் ஒருவர் பிட்புல் கடித்து இறந்தார். அந்த டிசம்பரில் சென்னை மாநகராட்சி, பிட்புல்லுக்கும் ராட்வைலருக்கும் புதிய உரிமம் இல்லை என்று தீர்மானம் போட்டது. மாநிலம் செய்ய முடியாததை மாநகரம் செய்தது. நல்லதுதான். ஆனால் மீனம்பாக்கத்திலிருந்து மின்சார ரயிலில் ஏறினால் இரண்டாவது நிலையம் பல்லாவரம், அது தாம்பரம் மாநகராட்சி. கெசாங் பாலத்தின் கதைதான், இங்கே ஆறு மட்டும் இல்லை.

நம் நாட்டில் 2012 மே மாதம் சுபாங் ஜெயாவில் காலையில் மெதுவோட்டம் போன 74 வயது முதியவரைப் பிட்புல் கடித்துக் கொன்றது. துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் கதவைப் பூட்டினால், உள்ளே ஏற்கெனவே இருக்கும் ஒரு ஜோடி நாய் குட்டி போடுவதை அது தடுக்காது. குட்டி விற்கிறவன் அதற்கு வேறு பெயர் சொல்லி விற்பதையும் தடுக்காது. அந்தக் குட்டி எந்த ஊராட்சி மன்றத்தில் வளர்கிறதோ, அந்த மன்றத்தின் அதிகாரி ஒருவர் வீட்டு வாசலில் வந்து நின்றால்தான் தெரியும்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இன்னொன்று தெரியும். அந்தக் காலத்தில் இன நாய் என்றால் துரை பங்களாவில் இருந்த அல்சேஷன்தான். லயத்து நாய்க்கு இனம் ஏது? பழுப்பு, கறுப்பு, வாலில் வெள்ளை என்று நிறத்தால்தான் கூப்பிடுவோம். இன்றும் மெர்லிமாவ் பக்கம் செம்பனைத் தோட்டத்துச் சாலையில் பள்ளிக்கு நடந்தோ சைக்கிளிலோ வரும் பிள்ளையைத் துரத்துவது அந்த மாதிரி நாய்தான். அது எந்த நாட்டின் பட்டியலிலும் இல்லை. தோட்டம் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் தாமான்களுக்குப் போனபோது பின்தங்கிய நாய்களும் அதில் உண்டு. அவற்றுக்கு உரிமையாளர் என்று ஒருவரைக் காட்ட முடியாது. 289ஆவது பிரிவுகூட அங்கே கை நீட்ட ஆள் தேடும்.

ஆகவே என் தீர்ப்பு இது, நீங்கள் மறுக்கலாம். உரிமமும் ஊசியும் அடையாளமும் எல்லா நாய்க்கும் ஒரே சீராக நடக்கும் இடத்தில், இனத் தடை அதன் மேல் ஒரு சின்னப் பாதுகாப்பைக் கூட்டலாம். வினிப்பெக் அதைக் காட்டுகிறது. அந்த அடித்தளம் இல்லாத இடத்தில் தடை, நாயைப் பக்கத்து ஊருக்கு அனுப்புகிறது, அல்லது பக்கத்து இனத்துக்கு மாற்றுகிறது. 1955இன் வளையம் தாங்கியதற்குக் காரணம், நான்கு மாநிலங்களும் ஒரே வேலையை ஒரே நேரத்தில் எண்ணிச் செய்ததுதான்.

வகுப்பில் செய்து பார்க்க ஒரு பயிற்சி. மாணவர்களை இரண்டு குழுவாகப் பிரியுங்கள். ஒரு குழு ஜாசின் நகராண்மைக் கழகத்தின் நாய் உரிமப் பாரத்தையும் நிபந்தனைகளையும் வாங்கி வரட்டும். இன்னொரு குழு ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மன்றத்தின் பாரத்தைத் தேடட்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்து மூன்று கேள்விகளுக்கு விடை எழுதச் சொல்லுங்கள். எந்த இனங்களின் பெயர் ஒன்றில் இருந்து மற்றதில் இல்லை? தடுப்பூசிச் சான்று கேட்பது எது? ஒரு குடும்பம் நாயோடு செர்காமிலிருந்து மூவாருக்கு வீடு மாறினால், அந்த நாயைப் பற்றிய பதிவு எங்கே போகும்? மூன்றாவது கேள்விக்கு விடை கிடைக்காவிட்டால், கிடைக்கவில்லை என்றே எழுதட்டும். புள்ளி கொடுங்க.